இரண்டு குழாயும் ஒரு காதும்

காதுக்குள் ரப்பர் மணக்கும் என்றால் நம்புவீர்களா? எனக்கு மணந்திருக்கிறது. பழைய லாரியில் கழற்றிய கறுப்பு ரப்பர்க் குழாயை முழத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டு அறுத்து, நுனியில் வேட்டித் துணி சுற்றி, இரண்டு காதிலும் செருகிக்கொண்டு, மற்ற நுனிகளை ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் இரண்டு கார்பரேட்டர் வாயிலும் கம்பியால் கட்டிவிட்டுக் குந்தியிருந்தால், பெட்ரோலும் சுட்ட இரும்பும் கலந்த அந்த மணம் மூக்கைத் தொடாமல் நேராகத் தலைக்குள் ஏறும். மணத்துக்குப் பின்னாலேயே சத்தம் வரும். இந்தக் காதில் ஒரு "ஸ்ஸ்ஸ்", அந்தக் காதில் ஒரு "ஸ்ஸ்ஸ்", பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு பேர் தூக்கத்தில் மூச்சு விடுவது போல. அந்த இரண்டு மூச்சும் சமமா இல்லையா என்று சொல்வதுதான் என் வேலை.

அப்போது எனக்குப் பத்து வயது. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. இன்றைக்கும் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் எழுதுகிறேன், எனக்கொன்றும் அவசரமில்லை. ஆனால் அந்த வயதில் ஜவ்வாது மலையில் எந்த ஆம்பிளைக்கும் வாய்க்காத ஒரு வேலை எனக்கு வாய்த்திருந்தது. பெருமைக்குச் சொல்கிறாள் கிழவி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அந்த வண்டி எங்களுடையதாக ஆனதே ஒரு கூத்து. மரம் வெட்டக் கூப்பு எடுத்த குத்தகைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ அதைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் ஓட்டிய வண்டி என்று சொல்லிக்கொள்வார். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர், பின்னால் இரண்டு புகைக்குழாய், அதனால் ஊரில் அதற்குப் பெயர் "ரெட்டைக்குழாய்". ஒரே திருப்பத்தில் இரண்டு முறை விழுந்து, இரண்டாம் முறை முன்பல் போனதும், "இந்தச் சனியன் என்னிய முழுங்கிடும்டா வெள்ளையா, நீயே வெச்சு மாரடி" என்று என் நைனாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நைனா அவரிடம் லாரி கிளீனராக இருந்தவர். அதற்கும் முன்னால் கூப்பு ரோடு போடப் பாறைக்கு வெடி வைத்தவர். லாரியில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டார், பாறையில் காதைக் கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். மெல்லிய சத்தம் ஒன்றும் கேட்காது.

இரண்டு கார்பரேட்டர் வண்டி இரட்டை மாட்டு ஏர் மாதிரி. ஒரு மாடு இழுத்து இன்னொன்று இழுக்காவிட்டால் ஏர் கோணிக்கொள்ளும். இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். அதற்கு ஒவ்வொன்றிலும் திருகுகள் இருந்தன, நைனா அவற்றை "மூச்சு ஸ்க்ரூ" என்பார். அந்த மூச்சைக் காது வைத்துத்தான் அளக்க முடியும், அவருக்கோ காது இல்லை. எனவே திருப்புளி அவர் கையில், குழாய் என் காதில். வண்டி ஓடும் சத்தத்தில் நான் பேசுவதும் அவருக்குக் கேட்காது என்பதால் எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். எந்தப் பக்கம் மூச்சு குறைச்சலோ அந்தக் கையை நான் தூக்க வேண்டும். சோத்தாங்கையைத் தூக்கினால் வலது பக்கத் திருகை அவர் அரைக்கால் சுற்றுத் திறப்பார், பீச்சாங்கையைத் தூக்கினால் இடது. இரண்டும் சமமாகிவிட்டால் இரண்டு கையையும் மடியில் போட்டுவிட வேண்டும். மடியில் கை விழுந்த நொடியில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காக நான் நாள் முழுக்கக் குந்தியிருப்பேன்.

நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, இதைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்புவார். "இன்னாடா இது, பொட்டப்புள்ள காதுல கொழாய மாட்டி இரும்புக்கு வைத்தியம் பாக்கறான்" என்பார். "இது இன்னா சொல்லுதாம் குப்பு? வவுத்த வலிக்குதாமா?" என்று என்னைக் கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். பதில் சொல்லாமல் இருப்பதில் எனக்கு அப்போதே கெட்டித்தனம் உண்டு. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐப்பசி மழை ஓய்ந்து பனி தொடங்கிய சமயம். சாமை முற்றித் தலை சாய்த்து நின்றது. விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா காட்டுப் பன்றி மேய்ந்ததா என்று பார்க்கக் கொல்லைக்குப் போனாள். வரப்பில் ஒரு நரி நின்றிருந்தது. நரி மனிதரைக் கண்டால் ஓடும், இது ஓடவில்லை. வாயில் நுரை ஒழுக, தள்ளாடிக்கொண்டு நேராக வந்து அம்மாவின் கெண்டைக்காலைக் கவ்வியது. அம்மா போட்ட சத்தத்தில் ஓடிப்போய் நைனா கொடுவாளால் அதை அடித்துப் போட்டார். செத்த நரியைச் சுற்றி ஊரே நின்றது, யாரும் கிட்டே போகவில்லை. விலகி நின்றதிலேயே தெரிந்துவிட்டது. வெறி நரி.

அன்றைக்கே நைனா அம்மாவை ரெட்டைக்குழாயில் உட்கார வைத்துத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினாலு ஊசி என்றார்கள். தொப்புளைச் சுற்றி, நாளைக்கு ஒன்று, ஒரு நாளும் தவறக் கூடாது; பன்னிரண்டு மணிக்கு ஊசி போடும் அறையைப் பூட்டிவிடுவார்கள். தவறினால்? "தவறினா எங்கிட்ட கேக்காத" என்றாராம் டாக்டர். வெறி கண்டுவிட்டால் பிறகு மருந்தில்லை என்பது எங்கள் மலையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

கீழேயே தங்கிப் போட்டுக்கொண்டு வரலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நைனாவும் கேட்டுப் பார்த்தார். மலையடிவாரத்து ஒடுகத்தூரில் எங்களிடம் புளி வாங்கும் வீட்டில் கேட்டார், சத்திரத்தில் கேட்டார். வெறி நரி கடித்தவளுக்கு யார் பாய் விரிப்பார்கள்? "ராத்திரி எங்கள கடிச்சிட்டான்னா?" என்று கேட்டார்களாம், அவள் எதிரிலேயே. அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "என் வூட்டுல படுத்துக்கறேன். தெனமும் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். மலைக்குப் பஸ் இல்லாத காலம். தினமும் வருவது என்றால் ரெட்டைக்குழாய் தினமும் ஓட வேண்டும். பதினாலு நாள், ஒரு நாள் கூட நிற்காமல்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. மந்திரித்து வேர் கட்டுகிற ஒருவர் இரண்டு மலை தள்ளி இருந்தார். அவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பது பெரியப்பா கட்சி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அது. "இரும்பு மாட்ட நம்பி ஆள சாவக் குடுக்கப் போற. அது ஒரு நாள் படுத்துக்கினா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் முதுகெலும்பு நிமிர்ந்தது. படுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோர் கண்ணும் சொம்பின் மேல்தான். வெறி கண்டவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வருமாம். அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "கொஞ்சம் தண்ணி குடு லட்சுமி" என்று கேட்பார்கள், அவர்களுக்குத் தாகமில்லை. அவள் கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான். அம்மாவுக்கும் அது தெரியும். சொம்பைக் கொண்டுவந்து, முதலில் தான் ஒரு வாய் அண்ணாந்து குடித்துவிட்டுப் பிறகுதான் கொடுப்பாள். தம்பிக்கு அப்போது ஒரு வயது. பால் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அவன் ஆட்டுப்பாலைத் துப்பிவிட்டு அலறும்போது அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், ரவிக்கை நனைந்திருக்கும். வெளியே நைனா பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வறுத்த சாமை நிறத்தில் இருந்தால் எரிவது சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். "சாம நெறம் கீது" என்று அவர் சொன்னால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்கும்.

ஐந்தாம் நாள் எனக்கு இடது காதில் குத்தல் எடுத்தது. ஓடையில் துணி அலசிப் பனியில் நின்றதாக இருக்கும். ஆறாம் நாள் சீழ் வந்தது. ஏழாம் நாள் குத்தல் நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் உலகம் பஞ்சடைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் வயிறெல்லாம் ஊசி ஏறிக் கன்றிச் சிவந்து கிடக்கும்போது காது வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். இது பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், சொன்னால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். வேறு யாராவது என் இடத்தில் குந்துவார்கள். பெரியப்பா சிரிப்பார். கூந்தலை இழுத்து இடது காதின் மேல் விட்டு முடிந்துகொண்டேன். நல்ல வேளையாக அந்த நாட்களில் திருகைத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் திரும்பி வரும்போது ஒடுகத்தூர் கிட்டே இடது பக்க ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் புதுக் கேபிள் போட்டு, கூடவே இரண்டு கார்பரேட்டரையும் தன் கைக்குத் திருகி "டியூன்" பண்ணியும் கொடுத்தார். சமதரையில் வண்டி வெண்ணெயாக ஓடியதாம். மலை ஏற ஏற முக்க ஆரம்பித்தது. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக, பொழுது சாய்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக்கைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் வைத்தது அவர் ஊர்க் காற்றுக்கு. "கீழ வெச்ச மூச்சு மேல செல்லாது" என்பார் நைனா. மலைக் காற்று மெலிசு, அதற்குப் பெட்ரோலைக் குறைத்து, இரண்டு பக்கத்தையும் மறுபடி சமன் பண்ண வேண்டும்.

பத்தாம் நாள் விடிகிற நேரம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். பெரியப்பா போர்வைக்குள்ளிருந்து பீடி குடித்துக்கொண்டு எதிரே குந்தியிருந்தார். நான் குழாய்களைச் செருகிக்கொண்டேன். நைனா உதைத்தார், வண்டி பிடித்தது.

வலது காதில் "ஸ்ஸ்ஸ்" என்று கணீரென்று கேட்டது. இடது காதில் எங்கோ தூரத்தில் யாரோ சாமை புடைப்பது போல ஒரு சின்னச் சத்தம். நான் பீச்சாங்கையைத் தூக்கினேன். நைனா இடது பக்கத்தைத் திறந்தார். இன்னும் குறைச்சல். மறுபடி தூக்கினேன். மறுபடி திறந்தார், வேகம் ஏறிவிட்டது என்று வலது பக்கத்தை மூடினார். மூன்றாம் முறை கை தூக்கியபோது அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "இன்னுமா?" என்று வாய் அசைந்தது.

அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. குறைச்சல் வண்டியில் இல்லை, என் காதில். தெரிந்ததா, சந்தேகம்தானா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன், தெரிந்ததுதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிரே பெரியப்பாவின் பீடி நுனி சிவந்து அணைந்தது. நான் தலையாட்டினேன். நைனா இன்னும் கால் சுற்றுத் திறந்தார். இரண்டு கையையும் மடியில் போட்டேன்.

நைனா சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் ஊர், கீழே போவதற்கும் முதலில் மேலே ஏற வேண்டிய ஊர். நாலு பக்கமும் மேடு. ஒன்பது திருப்பம் ஏறிக் கணவாயைத் தொட்டால்தான் அந்தப் பக்கம் இறக்கம். வண்டி கிளம்பிய பிறகு அந்த ஒன்பது திருப்பத்தையும் வீட்டிலிருந்தே காதால் எண்ணலாம், தினமும் எண்ணுவேன். அன்றைக்குத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்ல காதை மலைப் பக்கம் திருப்பி நின்றேன். இரண்டாம் திருப்பம் தாண்டியது. மூன்றாவதில் சத்தம் நொண்ட ஆரம்பித்தது. இரண்டு காலில் ஓடியது ஒரு காலில் குதிக்கிறது. நாலு. ஐந்து. ஆறாவதில் "டப்" என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. சேவல் கூவியது. எங்கோ மாடு கத்தியது. வண்டிச் சத்தம் மட்டும் வரவில்லை.

"பட்த்துக்கிச்சு" என்றார் பெரியப்பா. எழுந்து போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூப்பு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். அம்மாவை எங்கே கூட்டிப்போக நடக்கிறார் என்று எனக்குத் தெரியும். மந்திரிக்கிறவர் ஊருக்குப் போகும் தடமும் அந்த ஆறாம் திருப்பத்தில்தான் பிரிகிறது. தம்பியைப் பெரியம்மா மடியில் திணித்துவிட்டு நான் ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். ஆடு ஏறும் பாதை. முள் கிழித்தது, கால் சறுக்கியது, வாயில் இரும்பு ருசித்தது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். கேபிள் மேல் பழி போடலாம். மெக்கானிக் மேல் போடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

நான் போய்ச் சேர்ந்தபோது நைனா இரண்டு பிளக்கையும் கழற்றிக் கல்லின் மேல் வைத்திருந்தார். வலது பக்கத்து பிளக்கு நனைந்து கரியாக இருந்தது. இடது பக்கத்தது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவற்றைப் பார்த்தார். அம்மா பாறையில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பனி விலகி வெயில் மரத்து உச்சியைத் தொட்டுவிட்டது. கீழே போய்ச் சேர இரண்டரை மணி நேரம் வேண்டும்.

பெரியப்பாவும் மூச்சு வாங்க வந்து நின்றார். "போதும்டா வெள்ளையா. அந்தப் பொண்ணு பாவம். எழுப்பி வுடு, நான் கூட்டினு போறேன்."

"நீ சொன்ன மாதிரிதான வெச்சேன் குப்பு" என்றார் நைனா. கோபமாகச் சொல்லவில்லை. அதிசயமாகச் சொன்னார். என் காது தப்பாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவருக்குக் கேட்க வேண்டுமே, அதனால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொல்லும் சலுகை கூட எனக்கு இல்லை. "எனக்கு இந்தக் காது கேக்கல நைனா! மூணு நாளா கேக்கல! பொய் சொல்ட்டேன்!" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எதிர்மலை அதை வாங்கி இன்னொரு தரம் சொன்னது.

நைனா எழுந்து வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கூந்தலை ஒதுக்கிக் காதைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்த சீழ் கழுத்துவரை வழிந்திருந்தது. பிறகு என் மறு காதருகே குனிந்து, "எனக்கு ரெண்டும் இல்ல. உனுக்கு ஒண்ணு கீது. வா" என்றார்.

"இது இன்னா வெளாட்டாடா?" என்று பெரியப்பா குரல் உயர்த்தினார். "பொய் சொன்ன காத நம்பி மறுபடியும் ஆள ஏத்துவியா?"

அதற்கு அம்மா பதில் சொன்னாள். புருஷனின் அண்ணன் எதிரில் அவள் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. முக்காட்டை இழுத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், பாறையைப் பார்த்துச் சொன்னாள்: "அது காத நம்பித்தான் ஒம்போது ஊசி ஏறிச்சு. மிச்ச அஞ்சும் ஏறட்டும். வேணாம்னா, வெறி கண்டதும் முதல்ல யார கடிக்கணும்னு எனக்குத் தெரியும்."

பெரியப்பா இரண்டடி பின்னால் போய் நின்றார். அந்த நிலைமையிலும் நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிளக்குகளைக் கம்பியால் சுரண்டித் துடைத்து மாட்டினார். உதைத்தார். பத்து உதை, இருபது உதை. பிடித்தது, இருமிக்கொண்டு ஓடியது. வண்டிப் பையில் எப்போதும் கிடக்கும் இரண்டு குழாயையும் எடுத்து, ஒன்றை மடியில் செருகிக்கொண்டார். மற்றதை நான் வலது காதில் வைத்துக்கொண்டு, நுனியை முதலில் ஒரு கார்பரேட்டரிலும் பிறகு இன்னொன்றிலும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். இரண்டு காதில் இரண்டு சத்தம் சேர்ந்து கேட்பது சுலபம். ஒரே காதில் ஒன்றைக் கேட்டு, அதைச் சிந்தாமல் வாயில் தண்ணீர் கொண்டுபோவது போல வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கேட்க வேண்டும். நடுவில் பெரியப்பா இருமினால் சிந்திவிடும். மறுபடி முதலிலிருந்து. நெருங்கிய மாதிரி இருக்கும், திருகினால் விலகிவிடும். வெயில் மரத்திலிருந்து இறங்கிப் பாறைக்கு வந்தது. பாறையிலிருந்து அம்மாவின் காலுக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலது, இடது. வலது, இடது. சோத்தாங்கையைத் தூக்கினேன். வலது, இடது. இன்னும் ஒரு மயிரிழை. தூக்கினேன்.

கையை மடியில் போட எனக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை பொய்யாகப் போட்ட கை. ஒன்றுக்கு மூன்று முறை மாற்றிக் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான்; எது எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. போட்டேன்.

நைனா இந்த முறை சிரிக்கவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தார், சத்தம் நொண்டாமல் ஏறி இறங்கியது. அம்மாவைக் கட்டிக்கொண்டார். சரிந்த திருப்பத்தில் வண்டி நகர மறுத்தபோது பின்னால் தோள் கொடுத்துத் தள்ளியது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியப்பாதான். போர்வை கீழே விழுந்து புழுதியில் புரண்டது. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணினேன். கணவாய் தாண்டிச் சத்தம் அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. "காது போனாலும் வாயி போகல உனுக்கு. இன்னா கத்து கத்தற" என்றார் பெரியப்பா, போர்வையைத் தட்டிக்கொண்டு.

அன்றைக்குப் பொழுது போன விதத்தை என்னால் எழுத முடியாது. மாலையில் சத்தம் கேட்டது. ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கி வந்தது. ஊசி அறையைப் பூட்டப் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார்களாம், அம்மா படியேறும்போது. வந்ததும் வராததுமாக ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மிச்சம் நாலு ஊசியும் ஏறின. தொண்ணூறு நாள் தாண்டும்வரை சொம்பைப் பார்த்தோம். அதற்குப் பிறகும் அவள் நாற்பது வருஷம் இருந்து, எனக்கு மூன்று பிரசவம் பார்த்து, பெரியப்பாவின் சாவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டுத்தான் போனாள்.

என் இடது காது மட்டும் திரும்பவில்லை. பத்தாம் நாள் சாயங்காலமே பெரியம்மா கொட்டாங்குச்சியில் பூண்டு காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள், பெரியப்பா அனுப்பியதாம். பிறகு ஆஸ்பத்திரியிலும் காட்டினார்கள். பஞ்சு எடுபடவில்லை. அந்த ஆறாம் திருப்பத்தில் நடந்ததைப் பெரியப்பா சாகிறவரை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தபோது கூட வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் எப்போதும் என் வலது பக்கம்தான் நடந்தார், உட்கார்ந்தார், படுத்தார். அது அவர் பழக்கம் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். ரெட்டைக்குழாயை நான் கல்யாணமாகிப் போகும்வரை ஒற்றைக் காதாலேயே சமன் பண்ணிக் கொடுத்தேன். ஒரு நாளும் நொண்டவில்லை.

இப்போது அந்த ஒன்பது திருப்பத்திலும் தார் போட்டுவிட்டார்கள், பஸ் வருகிறது. பேரன் பேத்திகள் ஓட்டும் வண்டிகளில் கார்பரேட்டரே கிடையாதாம். உள்ளே ஒரு பெட்டி இருந்து மேடு பள்ளம் பார்த்துத் தானே அளந்துகொள்கிறதாம், நல்லதுதான். ரெட்டைக்குழாயைத் தம்பி ஒரு பட்டணத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டான். இரண்டு முள்ளு மீட்டரை இரண்டு பக்கமும் மாட்டி டியூன் செய்கிறாராம். நரி ஊளை கேட்டுப் பல வருஷமாகிறது. நரி இல்லையா, எனக்குக் காது இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஏனென்றால் இந்த வருஷம் வலது காதும் மங்க ஆரம்பித்துவிட்டது. பேத்தி என்னை வேலூருக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி போட்ட ஓர் அறையில் உட்கார வைத்து, இரண்டு காதையும் மூடுகிற மாதிரி ஒன்றை மாட்டினார்கள். உள்ளே ரப்பர் மணந்தது. என் கை இரண்டும் தாமாகவே மடிக்கு வந்துவிட்டன.

"எந்தப் பக்கம் சத்தம் கேக்குதோ அந்தக் கைய தூக்குங்க ஆயா" என்றாள் சின்னப் பெண் ஒருத்தி. வலது பக்கம் கேட்டது, தூக்கினேன். மறுபடி கேட்டது, தூக்கினேன். பிறகு சத்தமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் ஒரு பொத்தானை அழுத்துவது தெரிந்தது. இடது பக்கம் போகிறது என்று புரிந்துவிட்டது எனக்கு. அவள் விரலைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கிக்கொண்டிருந்தால் ஒரு குறையும் இல்லாத கிழவி என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். அறுபது வருஷத்துப் பழக்கம், பீச்சாங்கை மடியை விட்டு அரை அடி எழும்பிவிட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "கேக்குதா?" என்று வாய் அசைந்தது.

கையை இறக்கி மடியில் போட்டேன். "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன், வழக்கம்போலக் கொஞ்சம் சத்தமாகவே.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து, என் வலது பக்கமாகக் குனிந்து, "எப்போலேர்ந்து ஆயா?" என்று கேட்டாள்.

"பத்தாவது ஊசிக்கு மூணு நாள் முன்னாடி" என்றேன்.